தலைசுற்றினால் படுத்தே கிடக்கலாமா?

"தலை சுத்துதா? பேசாம போய்ப் படுங்கம்மா. சமையலை நான் பார்த்துக்கிறேன்."

நம் வீடுகளில் மகளோ மருமகளோ அன்போடு சொல்லும் வார்த்தை இது. முதல் நாள் சொன்னால் அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. மூன்றாவது நாள்கூடப் பரவாயில்லை. ஒரு மாதம் ஆகியும் அதே பேச்சு தொடர்கிறதென்றால், அதற்குள் அந்த அம்மா கடைக்குப் போவதை நிறுத்தியிருப்பார். வெள்ளிக்கிழமை கோயில் நின்று போயிருக்கும். குளியலறைக்குப் போகக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டாரும் பழகிவிடுவார்கள். தலைசுற்றலைவிட, அதற்குக் கொடுக்கப்பட்ட ஓய்வுதான் அவரை அதிகமாக முடக்கிப் போட்டிருக்கிறது என்பது யார் கண்ணுக்கும் படுவதில்லை.

காதின் உட்பகுதியில் பிறக்கும் தலைசுற்றலுக்கு அசைவே மருந்து. எந்த அசைவு, எவ்வளவு நேரம், எந்த வரிசையில் என்பதைக் கற்றுத் தருவது பிசியோதெராபி எனப்படும் உடலியக்கச் சிகிச்சையின் ஒரு பிரிவு. முழங்கால் வலிக்கும் பக்கவாதத்துக்கும் பிசியோதெராபி உண்டு என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். தலைசுற்றலுக்கும் உண்டு என்றால் பலரும் வியப்போடு பார்க்கிறார்கள்.

எந்தச் சுற்றல்?

தமிழில் ஒரு சிக்கல். தலைசுற்றல், கிறுகிறுப்பு, மயக்கம், தள்ளாட்டம் என்று நான்கு சொற்கள் இருந்தும், டாக்டரிடம் போனால் நான்கையும் "மயக்கமா வருது" என்ற ஒரே வாக்கியத்தில் போட்டு முடித்துவிடுகிறோம். டாக்டருக்கோ இந்த நான்கும் நான்கு வெவ்வேறு வழிகள்.

வீடும் கூரையும் கண்முன் சுழல்வது ஒன்று. கண் இருட்டிக்கொண்டு விழப்போவது போலிருப்பது இன்னொன்று. தலை தெளிவாகவே இருந்தும் கால்கள் மட்டும் தடுமாறுவது மற்றொன்று. படகில் நிற்பது போன்ற மிதப்பு நாள் முழுக்க விடாமல் இருப்பது வேறொன்று. படுக்கையிலிருந்து எழுந்து நின்ற சில நொடிகளில் கண் இருட்டுகிறதென்றால், அது பெரும்பாலும் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வருவது. எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதையே காரணமாகக் கருதி ஆராய்வார்கள். இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடும் பெரியவர்களிடம் இது சாதாரணமாகக் காணப்படுகிறது. மருந்தின் அளவை டாக்டர் மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கலாம். இதற்குத் தலையாட்டும் பயிற்சி செய்து பயனில்லை.

"பித்தம் தலைக்கேறிவிட்டது" என்று எலுமிச்சைச் சாறு கொடுப்பதும், நெற்றியில் கோடாலித் தைலம் தேய்ப்பதும் நம் பாட்டிமார் காலத்திலிருந்து வரும் பழக்கம். அதனால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் குழாய்க்குள் அடைபட்ட ஒரு துகளைத் தைலம் நகர்த்தாது. அது என்ன துகள் என்பதைப் பிறகு பார்ப்போம்.

காதுக்குள் ஒரு ரசமட்டம்

கொத்தனார் சுவர் எழுப்பும்போது ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். திரவத்துக்குள் இருக்கும் குமிழி நடுவில் நின்றால் மட்டம் சரி. நம் இரண்டு காதுகளின் உள்ளேயும் ஏறக்குறைய அப்படிப்பட்ட கருவி இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் திரவம் நிறைந்த அரைவட்டக் குழல்கள் மூன்று. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்கேற்ற குழலில் திரவம் பின்தங்கி, உள்ளே இருக்கும் நுண்ணிய முடி போன்ற அணுக்களை வளைக்கிறது. அந்தச் செய்தி நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. இந்தக் குழல்களை ஒட்டி இரண்டு சிறு பைகள் உள்ளன. அவற்றில் சுண்ணாம்புப் படிகங்கள் ஒரு மெத்தைமேல் ஒட்டியிருக்கும். எது மேல், எது கீழ், லிஃப்ட் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை உணர்த்துவது அவை.

இந்தக் கருவி செய்யும் பெரிய வேலை எதுவென்று அறிய, வாசகர்கள் கையில் இருக்கும் இந்த நாளிதழே போதும். நாளிதழை அசையாமல் பிடித்துக்கொண்டு, "இல்லை, இல்லை" என்பது போல் தலையை வேகமாக ஆட்டியபடி ஒரு வரியைப் படியுங்கள். படிக்க முடியும். இப்போது தலையை அசைக்காமல் நாளிதழை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து கலங்கிப்போகும். முதல் முறை மட்டும் எப்படிப் படிக்க முடிந்தது? தலை வலப்புறம் திரும்பிய அதே கணத்தில், உள்காது சொன்ன செய்தியைக் கேட்டுக் கண்கள் அதே அளவு இடப்புறம் திரும்பிவிட்டன. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் இது நடந்து முடிகிறது.

ஒரு பக்கத்து உள்காது அல்லது அதன் நரம்பு கெட்டுவிட்டால் இந்த ஏற்பாடு குலைகிறது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டது போலத்தான். மற்ற மாடு வழக்கம்போல் இழுக்க, வண்டி ஒரு பக்கமாகச் சுற்றும். இரண்டு காதுகளிலிருந்தும் வரும் செய்தி சமமாக இல்லாததால், உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு சுழல்வதாக மூளை நினைத்துக்கொள்கிறது. அதுதான் சுற்றலும், குமட்டலும், வாந்தியும்.

போர்க்கைதிக்குக் கிடைத்த நோபல் பரிசு

காதுக்கும் தலைசுற்றலுக்கும் உள்ள இந்த உறவைச் சோதனையில் காட்டியவர் வியன்னாவைச் சேர்ந்த ராபர்ட் பாரனி என்ற காது மருத்துவர். காதைக் கழுவும்போது நீர் குளிர்ச்சியாக இருந்தால் நோயாளிக்குத் தலை சுற்றுகிறது, கண்கள் துடிக்கின்றன என்பதை அவர் கவனித்தார். நீர் அதிகச் சூடாக இருந்தால் கண்கள் எதிர்ப்பக்கம் துடித்தன. வெப்பம் மாறுவதால் குழலுக்குள் இருக்கும் திரவம் நகர்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். இதற்காக 1914-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. சுவீடன் இளவரசர் கார்ல் தலையிட்ட பிறகு 1916-ல்தான் விடுதலையானார்.

காரணம் தெரிந்தாலும், பயிற்சியால் குணப்படுத்தலாம் என்ற எண்ணம் வர இன்னும் ஒரு போர் தேவைப்பட்டது. 1940-களில் இங்கிலாந்தில் டெரன்ஸ் காத்தோர்ன் என்ற காது அறுவை மருத்துவரும், குக்ஸி என்ற மறுவாழ்வு மருத்துவரும் தலையில் அடிபட்டவர்களையும் உள்காதில் அறுவை செய்துகொண்டவர்களையும் கவனித்து வந்தார்கள். கட்டிலிலேயே கிடந்தவர்களைவிட, எழுந்து நடமாடியவர்கள் விரைவாகத் தேறினார்கள். அதைக் கண்ட இருவரும் ஒரு பயிற்சித் தொகுப்பை வகுத்தார்கள். முதலில் படுத்தபடி கண்ணை மட்டும் அசைப்பது, அடுத்துத் தலை, பிறகு உட்கார்ந்து குனிவது, நின்று பந்து எறிவது, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பதும் படி ஏறுவதும். இன்று உலகெங்கும் பிசியோதெராபிஸ்டுகள் கொடுக்கும் பயிற்சிகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது?

கெட்டுப்போன உள்காது நரம்பு பல சமயங்களில் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. ஆனாலும் நோயாளி தேறிவிடுகிறார். மூளை, குறிப்பாகச் சிறுமூளை, வரும் செய்தி ஒரு பக்கம் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு கணக்கைச் சரிசெய்துகொள்வதுதான் காரணம். தவறு நேர்ந்தால்தான் கணக்கைத் திருத்த முடியும். தலை திரும்ப வேண்டும், எழுத்து கொஞ்சம் கலங்க வேண்டும், கொஞ்சம் சுற்ற வேண்டும். அப்போதுதான் மூளைக்குப் பாடம் நடக்கிறது. அசையாமல் படுத்திருப்பவருக்குத் தவறே நேர்வதில்லை. அதனால் பாடமும் இல்லை.

இந்தச் சிகிச்சையைப் பலர் பாதியில் விட்டுவிடுவதும் இந்த இடத்தில்தான். "பயிற்சி செஞ்சா இன்னும் சுத்துது, எனக்கு ஒத்துக்கல" என்று மறுவாரம் போகாமல் நின்றுவிடுகிறார்கள். பயிற்சியின்போது ஓரளவு சுற்றல் வரத்தான் வேண்டும். பயிற்சியை நிறுத்திய 15, 20 நிமிடத்தில் அடங்கிவிட்டால் அளவு சரி. மணிக்கணக்கில் நீடித்தால் அளவு அதிகம், அடுத்த முறை குறைக்க வேண்டும். சுற்றலே வரவில்லையென்றால் பயிற்சி போதாது. இதை முதல் நாளே நோயாளிக்கும், கூட வரும் மகனுக்கோ மகளுக்கோ, தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடிப்படைப் பயிற்சி மிக எளிது. ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதிய அட்டையைக் கண்ணுக்கு நேராகச் சுவரில் ஒட்டி, அந்த எழுத்து கலங்காத அளவுக்குத் தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். பிறகு மேலும் கீழும். உட்கார்ந்து செய்யலாம், பழகியதும் நின்று, அதன் பிறகு நடந்துகொண்டே. அமெரிக்கப் பிசியோதெராபி சங்கத்தின் ஆதரவில் 2016-ல் வெளிவந்து 2022-ல் புதுப்பிக்கப்பட்ட வழிகாட்டி இதற்கு நேரக் கணக்கே கொடுக்கிறது. அண்மையில் வந்த பாதிப்பு என்றால் நாளைக்கு 3 முறை, மொத்தம் 12 நிமிடமாவது. நாட்பட்டது என்றால் 3 முதல் 5 முறை, மொத்தம் 20 நிமிடமாவது, 4 முதல் 6 வாரம் வரை. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உருட்டுவது இந்தப் பாதிப்புக்குப் பயன் தராது என்றும் அது சொல்கிறது. ஒரு பக்க உள்காது பாதிப்புக்கான 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, இத்தகைய பயிற்சி பாதுகாப்பானது, பயனுள்ளது என்று முடிவு செய்தது.

அடுத்தது சமநிலைப் பயிற்சி. கால்களைச் சேர்த்து நிற்பது, ஒரு குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து நடப்பது என்று அது படிப்படியாகப் போகும். இந்த நடையை நம்மவர்களுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கோயிலில் அடிப்பிரதட்சணம் செய்பவர்கள் நடப்பது அப்படித்தான். வீட்டில் செய்யும்போது அறையின் மூலையில் முதுகு சுவருக்குப் பக்கமாக நின்று, முன்னால் கனமான நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது. பெரியவர்கள் தனியாகச் செய்ய வேண்டாம்.

மாத்திரை எத்தனை நாள்?

தலைசுற்றலுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்ற மாத்திரைகள் வாந்தியையும் சுற்றலையும் அடக்குபவை. முதல் இரண்டு மூன்று நாள் கொடுமையிலிருந்து காப்பாற்ற அவை வேண்டும். சிக்கல், தீர்ந்ததும் மீண்டும் மீண்டும் வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுவதில் இருக்கிறது. சுற்றலை அடக்கும் அதே மருந்து, மூளை பாடம் கற்பதையும் மந்தப்படுத்துகிறது. தூக்கக் கலக்கத்தில் பெரியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். நீண்ட காலம் சாப்பிட்டால் கை நடுக்கம், உடல் விறைப்பு என்று பார்க்கின்சன் நோய் போன்ற அறிகுறிகளும் சிலருக்கு வரும். பிறகு அந்த நடுக்கத்துக்கு வேறொரு டாக்டரைத் தேடிப் போகிறோம். இந்தச் சுற்றுப்பாதையை வெட்டிவிடக் குடும்பத்தில் ஒருவர், "இந்த மாத்திரை எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாலே போதும். தாங்களாகவே நிறுத்திவிடாமல், கொடுத்த டாக்டரிடம் கேட்டே நிறுத்த வேண்டும்.

புரண்டு படுத்தால் சுழலும் உலகம்

உள்காதுத் தலைசுற்றலில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் வகை இது. இரவில் ஒரு பக்கம் புரண்டு படுக்கிறார். அறை சுழல்கிறது. இறுகப் பிடித்துக்கொள்கிறார். ஒரு நிமிடம் ஆவதற்குள் நின்றுவிடுகிறது. காலையில் எழும்போது மீண்டும். மேல் அலமாரியில் டப்பாவை எடுக்க அண்ணாந்தால், முடிதிருத்தும் கடையில் தலை கழுவச் சாய்ந்தால், கோபுரத்தை அண்ணாந்து கும்பிட்டால், சிங்கப்பூர் அடுக்குமாடியில் மூங்கில் கழியில் துணி உலர்த்த நிமிர்ந்தால், அதே சுழற்சி. அசையாமல் இருந்தால் ஒன்றுமே இல்லை. இந்த வரலாற்றைக் கேட்டவுடனே விவரமறிந்த டாக்டர் பாதி முடிவுக்கு வந்துவிடுவார்.

முன்பு சொன்ன சுண்ணாம்புப் படிகங்களில் சில, தம் மெத்தையை விட்டு உதிர்ந்து அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடுகின்றன. தலை குறிப்பிட்ட பக்கம் சாயும்போது அவை உருண்டு திரவத்தை இழுக்க, தலை சுழல்வதாக மூளைக்குப் பொய்ச் செய்தி போகிறது. வயதானால் வருகிறது, தலையில் அடிபட்டாலும் வருகிறது.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நோயாளியை உட்காரவைத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பி, வேகமாகப் பின்னால் படுக்கவைத்து, தலை கட்டிலின் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும் நிலையில் கண்களைப் பார்க்க வேண்டும். துகள் இருக்கும் காது கீழே இருந்தால் சில நொடிகளில் கண் துடிக்கத் தொடங்கும். லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்ல்ஸ் ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் 1952-ல் விளக்கமாக எழுதிவைத்த சோதனை இது.

சிகிச்சையைத் தந்தவர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரைச் சேர்ந்த ஜான் எப்லி. குழலுக்குள் விழுந்த துகளை, தலையைப் படிப்படியாகத் திருப்பி வந்த வழியே வெளியேற்றிவிடலாம் என்று அவர் 1980-ல் மருத்துவர்கள் முன் செய்துகாட்டினார். இவ்வளவு எளிதாக இருக்க முடியுமா என்று பலர் நம்ப மறுத்தார்கள். மருத்துவ இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது 1992-ல்தான். 2019-ல் அவர் மறைந்தபோது அந்த முறை உலகம் முழுவதும் வழக்கத்துக்கு வந்துவிட்டிருந்தது.

செய்முறை இதுதான். கட்டிலில் கால்நீட்டி உட்கார்ந்து, பாதிக்கப்பட்ட காதின் பக்கம் தலையை 45 பாகை திருப்பி, அப்படியே பின்னால் படுத்துத் தலையைச் சற்றுத் தொங்கவிட வேண்டும். சுற்றல் அடங்கியதும் தலையை மறுபக்கம் 90 பாகை திருப்ப வேண்டும். அடுத்து உடம்போடு அதே பக்கம் ஒருக்களித்து, முகம் தரையைப் பார்க்கும்படி செய்ய வேண்டும். பிறகு மெல்ல எழுந்து உட்கார வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். எல்லாம் சேர்ந்து 5 நிமிட வேலை. 2014-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வின்படி, இந்த முறையைச் செய்தவர்களில் 100-க்கு 56 பேருக்குச் சுற்றல் அறவே நின்றது. பாவனையாக ஏதோ ஒன்று செய்யப்பட்டவர்களில் அது 21 பேர்தான். முதல் முறையில் நிற்காவிட்டால் திரும்பச் செய்யலாம்.

படித்த கையோடு அம்மாவைக் கட்டிலில் சாய்த்துவிட வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழல் என்று தெரிய வேண்டும். மூன்று குழல்களுக்கும் மூன்று விதமான முறைகள். கழுத்து எலும்பில் கடுமையான கோளாறு உள்ளவர்கள், அண்மையில் கழுத்திலோ கண்ணிலோ அறுவை செய்துகொண்டவர்கள் முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஒருமுறை பயிற்சி பெற்றவர் செய்து காட்டிய பிறகு, மீண்டும் வரும்போது வீட்டிலேயே செய்துகொள்பவர்கள் உண்டு. ஆம், சிலருக்கு இது மீண்டும் வரும். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டி, இந்த வகைக்குச் சுற்றல் அடக்கும் மாத்திரையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. இரண்டு இரவு உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடும் தேவையில்லை என்கிறது.

"ஸ்கேன் எடுக்க வேண்டாமா?" என்பது தொலைக்காட்சிக் கலந்துரையாடல்களில் நேயர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. உதிர்ந்த துகள் ஸ்கேனில் தெரியாது. இந்தச் சுற்றலுக்கு மட்டும் எடுக்கப்படும் ஸ்கேன் பெரும்பாலும் பணத்தைத்தான் கரைக்கிறது.

ஸ்கேனும் அவசர ஊர்தியும் தேவைப்படும் நேரம் வேறு. தலைசுற்றலோடு முகம் கோணினால், பேச்சு குழறினால், கை கால் மரத்தால் அல்லது வலுவிழந்தால், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால், விழுங்க முடியாமல் போனால், இதுவரை வராத கடும் தலைவலி வந்தால், பிடித்துக்கொண்டும் நிற்க முடியாவிட்டால், அது பக்கவாதமாக இருக்கலாம். சிறுமூளையில் வரும் பக்கவாதம் வெறும் சுற்றலும் வாந்தியுமாகவே தொடங்கக்கூடும். "கொஞ்சம் படுத்துப் பார்ப்போம்" என்று காத்திருக்கக் கூடாது. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மூன்று காலில் நிற்கும் முக்காலி

நாம் விழாமல் நிற்பதற்கு உள்காது மட்டும் காரணமல்ல. கண் பார்க்கிறது, பாதம் தரையை உணர்கிறது, காது சாய்வைச் சொல்கிறது. முக்காலிக்கு ஒரு கால் ஆட்டம் கண்டால் மற்ற இரண்டும் தாங்கும். இரண்டு கால் போனால்?

நம் சமூகத்துக்கு இந்தக் கேள்வி மிக நெருக்கமானது. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. அதில் இந்தியர்களின் விகிதமே மற்ற இனங்களைவிட அதிகம். இனிப்பு நீர் பாத நரம்பை மரக்கச் செய்கிறது, கண்ணின் விழித்திரையையும் கெடுக்கிறது. அப்படிப்பட்டவர் நாள் முழுவதும் உள்காதையே பெரிதும் நம்பி நிற்கிறார். அதுவும் தளர்ந்த நிலையில், விளக்கில்லாத இரவில் கழிவறைக்கு எழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பத்துமலையில் 272 படிகளையும் ஏறினால் மட்டும் போதாது. இறங்கும்போதுதான் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 684,000 பேர் விழுந்து இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இடுப்பெலும்பு முறிந்து, பிழைத்தும் பழையபடி நடக்க முடியாமல் போகிறவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இதைத் தடுக்கப் பயிற்சி உதவுகிறதா? 2019-ல் வெளிவந்த ஒரு காக்ரேன் மதிப்பாய்வு 100-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, உடற்பயிற்சி முதியவர்கள் விழும் விகிதத்தை 23 விழுக்காடு குறைப்பதாகக் கண்டது. சமநிலைப் பயிற்சிக்கும் தாய்ச்சிக்கும் அதில் இடமுண்டு. காலையில் தாமான் பூங்காவிலும் அடுக்குமாடிக் கீழ்த்தளத்திலும் சீன முதியவர்கள் கூட்டமாகக் கை கால் வீசி மெல்ல அசைவதைப் பார்க்கிறோம். நம் பெரியவர்கள் அந்தக் கூட்டத்தைக் கடந்து நடந்துபோய் விடுகிறார்கள். கூட நிற்க யாரும் தடை சொல்லப்போவதில்லை.

பயம் என்ற இன்னொரு நோய்

உள்காது தேறிய பிறகும் சிலருக்கு மிதப்பு போவதில்லை. எஸ்கலேட்டரைப் பார்த்தால் பயம், பேரங்காடியில் அடுக்கடுக்கான அலமாரிகளுக்கு நடுவே நடந்தால் தடுமாற்றம், கூட்டம் என்றால் ஒவ்வாமை. இது 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அதைத் தனி நோயாகவே மருத்துவ உலகம் 2017-ல் வரையறுத்தது. அதை வரையறுத்த சங்கம் பாரனியின் பெயரைத் தாங்கியது. நடிப்பு, மனப்பிரமை என்று வீட்டில் பட்டம் கட்டிவிடுவது இவர்களை மேலும் ஒடுக்குகிறது. கூட்டமில்லாத நேரத்தில் கடையின் ஒரு வரிசை, அடுத்த வாரம் இரண்டு வரிசை என்று பழக்குவதும், தேவைப்பட்டால் மனநல ஆலோசனையும் மருந்தும் சேர்ந்ததுதான் இதற்குச் சிகிச்சை. ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்து வரும் சுற்றலும் உண்டு. அதற்கு முதலில் தலைவலிக்கான சிகிச்சை வேண்டும்.

யாரிடம் போவது? முதலில் குடும்ப டாக்டர் அல்லது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். அங்கிருந்து காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ பிசியோதெராபிப் பிரிவுக்கோ கடிதம் கேட்கலாம். தனியார் நிலையத்துக்குப் போகிறவர்கள், அங்கே இருப்பவர் பதிவு பெற்ற பிசியோதெராபிஸ்ட்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மலேசியாவில் 2016-லும் சிங்கப்பூரில் 2011-லும் இயற்றப்பட்ட துணைச் சுகாதாரத் தொழில் சட்டங்களின் கீழ் அவர்கள் வருகிறார்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. உள்காதுப் பயிற்சியில் அனுபவம் உண்டா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். எல்லாப் பிசியோதெராபிஸ்டுகளும் இதைச் செய்வதில்லை.

போவதற்கு முன் வீட்டில் செய்து வைக்கக்கூடிய ஒரு காரியம் உண்டு. சுற்றல் வந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் கைத்தொலைபேசியை எடுத்து, அவரைக் கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்லி, இரு கண்களையும் அருகிலிருந்து அரை நிமிடம் படம் பிடித்து வைக்கட்டும். எந்தப் பக்கம் புரண்டபோது வந்தது, எத்தனை நொடி நீடித்தது என்பதையும் குறித்துக்கொள்ளட்டும். கிளினிக்கில் வரிசை வந்து சேருவதற்குள் சுற்றல் நின்றுபோயிருக்கும். அந்தச் சிறு படத்தில் கண் எந்தப் பக்கம் துடிக்கிறது என்பதைப் பார்த்து, கோளாறு எந்தக் காதில் என்பதை டாக்டர் கணிக்க முடியும்.